அத்திவாரத்துக்கு முன் ஓர் ஆய்வு: சப்ரகமுவ தோட்டங்கள் சொல்லும் பாடம்

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் 600க்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது. மலைச்சரிவுகளில் வாழ்ந்த பெருந்தொகையான குடும்பங்களுக்கு இனிப் பாதுகாப்பான இடத்தில் வீடு வேண்டும். உடைந்த பாதைகளும் பாலங்களும் மீளக் கட்டப்பட வேண்டும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இதற்குக் காணி எங்கே என்ற பேச்சு எழும்போதெல்லாம் தேயிலை, இறப்பர் தோட்டங்களின் மீதுதான் எல்லோருடைய பார்வையும் போகிறது. அந்த மலைநாட்டில் வேறு காணியும் பெரிதாக இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில், வேலை தொடங்கும் முன் அந்த இடத்தில் அழிந்துவரும் உயிரினங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என எழுதினால் பலருக்குக் கோபம் வரும். மனிதன் தங்குவதற்குக் கூரையில்லாமல் தவிக்கும்போது மீனையும் தவளையையும் பற்றிப் பேசுவதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன். வேலை தொடங்குவதற்கு முன் செய்யும் ஆய்வு சில வாரங்களில் முடியும். வேலை தொடங்கிய பின் வரும் எதிர்ப்பும் வழக்கும் செலவும் பல ஆண்டுகளுக்கு நீளும். அப்படி நீளும்போது சுமை பெரும்பாலும் அமைச்சர் மீதோ கம்பனி மீதோ விழுவதில்லை. அங்கே குடியேறக் காத்திருக்கும் சாதாரண மனிதர் மீதே விழுகிறது. முஸ்லிம்களாகிய எமக்கு இந்த அனுபவம் புதிதல்ல. அதைப் பின்னர் விளக்குகிறேன்.

ஓர் ஓடைக்குள் ஒரு முழு இனம்

முதலில் சப்ரகமுவ ஏன் தனியாகப் பேசப்பட வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

கேகாலை மாவட்டத்தின் கலபிட்டமட பகுதியில் ஒரு சிறிய ஓடை ஓடுகிறது. இறப்பர் மரங்களுக்கும் வயல்களுக்கும் வீட்டுத் தோட்டங்களுக்கும் இடையே செல்லும் மிகச் சாதாரணமான ஓடை அது. பந்துல பெத்தியா என்று அழைக்கப்படும் சின்னஞ்சிறு மீனினம் இயற்கையாக வாழும் இடமாக விஞ்ஞானம் அறிந்திருப்பது இந்த ஓடையை மட்டுமே. 1991இல்தான் இது தனியான இனம் என்று விவரிக்கப்பட்டது. உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது. வேறு ஓடைகளில் இதை வளர்த்துக் காக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன.

அந்த ஓடை தேசிய வனத்துக்குள் இல்லை, சரணாலயத்துக்குள்ளும் இல்லை. அதன் கரையில் ஒருவர் பெக்கோ இயந்திரத்தை இறக்கி ஒரு வார காலம் மண் வெட்டினாலோ, மேலே உள்ள காணியில் களைநாசினியை அளவுக்கு மீறித் தெளித்தாலோ, கரையோர மரங்களை வெட்டி வெயிலைத் தண்ணீரில் விழ விட்டாலோ உலகிலிருந்தே ஓர் இனம் போய்விடக்கூடும். வேலை செய்தவருக்கு அப்படி ஒரு மீன் இருந்ததே தெரிந்திருக்காது.

இது ஒரு விதிவிலக்கு என்று எண்ண வேண்டாம். இலங்கையின் ஈரவலய மலைகளில் வாழும் பல உயிரினங்களின் நிலைமை இதுதான். ஒரு மலைத்தொடரில் மட்டும் வாழும் தவளை, ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் முளைக்கும் மரம் என்று சிறிய எல்லைகளுக்குள் அவை அடங்கிவிட்டன. கண்டித் தேரை என்ற சிறிய தேரையினம் 1872இல் விவரிக்கப்பட்டது. அதன் பின்னர் 100 ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் அதைக் காணாததால் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2009இல் சிவனொளிபாத மலைச் சரணாலயத்தில் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

இன்னொரு உதாரணம் இதைவிடவும் கவனிக்கத்தக்கது. கேகாலை மாவட்டத்தின் கித்துல்கலையில் 1995இல் பறவை ஆய்வாளர் தீபால் வரக்காகொட அதுவரை கேட்டிராத ஓர் ஆந்தைக் குரலைக் கேட்டார். 2001 ஜனவரியில் சிங்கராஜ வனத்தில் அந்தப் பறவையை நேரில் கண்டார். 2004இல் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இலங்கையில் புதிய பறவையினம் எதுவும் கண்டுபிடிக்கப்படாதிருந்த நிலையில் அது பெரும் செய்தியாகியது. அந்த ஆந்தைக்கு தைலோ ஹொஃப்மான் என்பவரின் பெயர் சூட்டப்பட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் கொஸ்கமவில் அமைந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காகச் சிங்கராஜவில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டத் தொடங்கினார்கள். அதை எதிர்த்து முன்னின்று குரல் கொடுத்தவர் சுவிற்சர்லாந்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஹொஃப்மான். அந்த வேலை 1977 அளவில்தான் நிறுத்தப்பட்டது. 1988இல் அதே வனத்தை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

மரம் வெட்ட அனுமதி கொடுத்தவர்களுக்கு அந்தக் காட்டில் என்ன இருக்கிறது என்பது சரியாகத் தெரியாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக போன்றோர் பல ஆண்டுகள் உழைத்துச் செய்த ஆய்வுகள்தான் சிங்கராஜவின் மரங்களைப் பற்றிய நம் அறிவுக்கு அடிப்படை. வெட்டியது முதலிலும் எண்ணியது பின்னரும் நடந்தன. இந்த வரிசையை மாற்றுவதைத்தான் முன்கூட்டிய ஆய்வு என்கிறோம்.

சட்டம் எதை அளக்கிறது?

எமது நாட்டில் இதற்குச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, குறித்த சில கருத்திட்டங்களுக்குச் சுற்றாடல் அங்கீகாரம் கட்டாயமாக்கப்பட்டது. எந்தெந்தக் கருத்திட்டங்கள் என்பதை 1993 ஜூன் மாத அதிவிசேட வர்த்தமானி பட்டியலிட்டது.

அந்தப் பட்டியலைச் சற்றுப் பாருங்கள். நீர்மின் நிலையம் என்றால் 50 மெகாவாட்டுக்கு மேல். வீட்டுத்திட்டம் என்றால் 1000 வீடுகளுக்கு மேல். காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதென்றால் 1 ஹெக்டெயருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல். காணி துப்புரவு செய்வதென்றால் 50 ஹெக்டெயருக்கு மேல். மேற்பரப்பில் கனியம் தோண்டுவதென்றால் 10 ஹெக்டெயருக்கு மேல். 100 குடும்பங்களுக்கு மேல் கட்டாயமாக இடம்பெயர்த்துக் குடியமர்த்துவதென்றாலும் அங்கீகாரம் வேண்டும். ஆனால், அவசர நிலைமையில் நடக்கும் மீள்குடியேற்றத்துக்கு அதில் விலக்கு உண்டு.

ஒதுக்கப்பட்ட வனங்களுக்குள்ளோ அவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள்ளோ வந்தால், பட்டியலில் உள்ள கருத்திட்டம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அங்கீகாரம் பெற வேண்டும். தேசிய ஒதுக்கிடங்களின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் வரும் அபிவிருத்தி வேலைகளுக்கு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான்.

ஆனால் இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. சட்டம் வேலையின் பருமனை அளக்கிறது, அல்லது வரைபடத்தில் காட்டுக்கு எவ்வளவு தூரம் என்று அளக்கிறது. அந்த மண்ணில் என்ன உயிர் வாழ்கிறது என்பது அளவுகோலில் வருவதில்லை. கலபிட்டமட ஓடை காட்டுக்குள் இல்லை. அங்கே 1000 வீடுகளும் வரப்போவதில்லை. சப்ரகமுவவில் ஆபத்து பெரிய திட்டங்களால் மட்டும் வருவதில்லை. பத்து வீடுகள், ஒரு தோட்டப் பாதை, ஒரு மாணிக்கக் குழி, ஒரு சிறு நீர்மின் நிலையம் என்று சின்னச் சின்ன வேலைகளாகவே அது வருகிறது.

சிறு நீர்மின் நிலையங்கள்

இதில் சிறு நீர்மின் நிலையங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டங்களுக்கு இது புதிதல்ல. பிரித்தானியர் காலத்திலேயே தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களைச் சுழற்ற ஓடைத் தண்ணீரைப் பயன்படுத்தினார்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து 10 மெகாவாட் வரையான தனியார் நிலையங்களிடமிருந்து இலங்கை மின்சார சபை மின்சாரம் வாங்கத் தொடங்கியதும் மலைநாட்டு ஓடைகளுக்குப் புதிய விலை வந்தது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இத்தகைய நிலையங்கள் பல எழுந்தன.

இவை பெரிய அணைகள் போலப் பள்ளத்தாக்கை மூழ்கடிப்பதில்லை. நிலக்கரி எரிக்காமல், டீசல் எரிக்காமல் கிடைக்கும் மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவை வேலை செய்யும் முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். மேலே ஒரு சிறிய தடுப்பு கட்டுகிறார்கள். அங்கிருந்து கால்வாயிலோ குழாயிலோ தண்ணீரைக் கொண்டுபோய்க் கீழே உள்ள மின் நிலையத்தில் விழச் செய்து, மீண்டும் ஆற்றில் விடுகிறார்கள். தடுப்புக்கும் மின் நிலையத்துக்கும் இடையே உள்ள ஆற்றுப் பகுதிக்கு, வறண்ட மாதங்களில் தண்ணீர் எவ்வளவு விடப்படுகிறது என்பதுதான் கேள்வி. அதை விடாவிட்டால் அந்தப் பகுதி வெறும் பாறையாகிவிடும். ஓடும் தண்ணீரில், பாறையில் ஒட்டி வாழும் மீன்கள் அங்குதான் இருக்கும். மலை ஓடைகளில் வாழும் சில உழுவை இன மீன்களின் குஞ்சுகள் நீரோட்டத்தோடு கடல்வரை போய், வளர்ந்து மீண்டும் ஆற்றில் ஏறி வருபவை. இடையில் ஒரு சுவர் எழும்பினால் அவற்றின் பயணம் அத்தோடு முடிந்தது.

50 மெகாவாட் என்ற எல்லைக்கும் இவற்றுக்கும் வெகு தூரம். பல இடங்களில் ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை கேட்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை 30 நாட்கள் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். 2000ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் ஆரம்ப பரிசோதனை அறிக்கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த ஓடையில் குளித்து, அந்த ஓடையில் தண்ணீர் அள்ளி வாழும் லயன் குடும்பங்களும் கிராம மக்களும் வேலை தொடங்கிய பின்னரே செய்தி அறிகிறார்கள்.

தரலுவையில் ஒரு மரம்

அறிக்கை ஒன்று இருந்துவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. கேகாலைக்கு அயல் மாவட்டமான கம்பஹாவில் நடந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். குருடியா சிலனிக்கா என்ற விஞ்ஞானப் பெயர் கொண்ட, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. கடைசியாக 1911இல் பதிவு செய்யப்பட்ட அந்த இனம், 2012இல் வெளியான தேசிய செந்தரவுப் பட்டியலில் அழிந்துபோனதாகக் குறிப்பிடப்பட்டது. 2019இல் கம்பஹா, தரலுவைப் பகுதியில் அது உயிரோடு நிற்பது தெரியவந்தது. 2021 பெப்ரவரியில் பார்த்தால், அந்த மரம் நிற்பது மத்திய அதிவேக நெடுஞ்சாலைக்காக வெட்டப்படவிருந்த பாதையில். ஊடகங்களில் செய்தி வந்து, எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே வெட்டும் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது.

நெடுஞ்சாலை போன்ற பெரிய திட்டத்துக்கு ஆய்வு இல்லாமல் இல்லை. ஆனால் ஆய்வு என்பது ஒருமுறை எழுதி அலுமாரியில் வைக்கும் காகிதமாக இருந்தால் இதுதான் நடக்கும். பாதை கீறப்பட்ட பின், வேலை தொடங்குவதற்குச் சற்று முன், தாவரங்களை அடையாளம் காணத் தெரிந்த ஒருவர் அந்தப் பாதை நெடுகிலும் நடந்திருந்தால் மரத்தை அப்போதே கண்டிருக்கலாம். பாதையைச் சில மீற்றர் நகர்த்துவது வரைபடத்தில் பென்சில் வேலை. தரையில் இயந்திரம் இறங்கிய பின் அது கோடிக் கணக்கான ரூபா.

அமெரிக்காவில் நடந்த டெலிக்கோ அணை வழக்கும் இதையே சொல்கிறது. டென்னசி மாநிலத்தில் 1967இல் அணை கட்டத் தொடங்கினார்கள். 1973இல் அந்த ஆற்றில் ஒரு விரல் நீளமுள்ள மீன் ஒன்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு அழிந்துவரும் உயிரினங்கள் சட்டமும் வந்தது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், பெரும்பகுதி முடிந்திருந்த அணையை 1978இல் நீதிமன்றம் நிறுத்தியது. 1979இல் அமெரிக்கப் பாராளுமன்றம் தனியாக விலக்குக் கொடுத்து அணையை முடிக்க வைத்தது. மீன்களை வேறு ஆறுகளுக்கு மாற்றிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அங்கே அணை கட்டுவதற்காகக் காணியை இழந்த விவசாயக் குடும்பங்களும் இருந்தன. ஆற்றில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்திருந்தால், அணை வேண்டுமா என்ற கேள்வியை அவர்களது வீடுகள் போவதற்கு முன்பே பேசியிருக்கலாம்.

எமக்கு ஏன் இது முக்கியம்?

வில்பத்து என்ற சொல்லைக் கேட்டாலே எம்மவர் பலருக்கு மனம் கசக்கும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், போர் முடிந்த பின் முசலிப் பிரதேசத்துக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் ஊர்களைக் காடு மூடியிருந்தது. அவர்களைக் குடியமர்த்தக் காடு துப்புரவு செய்யப்பட்டபோது, அது நாடு தழுவிய சர்ச்சையாகியது. சுற்றாடல் அக்கறையோடு பேசியவர்களும் இருந்தார்கள். அதைச் சாட்டாக வைத்து முஸ்லிம்கள்மீது வெறுப்பை வளர்த்தவர்களும் இருந்தார்கள். 2015இல் சுற்றாடல் நீதிக்கான மையம் வழக்குத் தொடர்ந்தது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு வனப் பகுதியில் நடந்த துப்புரவு சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, அதே அளவு நிலத்தில் மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் ஏற்க வேண்டும் என உத்தரவிட்டது.

இந்தத் தீர்ப்பில் எமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாட்டின் வேறு பகுதிகளில் நடந்த காடழிப்புக்கெல்லாம் இதே வேகம் காட்டப்பட்டதா என்ற கேள்வி நியாயமானது. அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒரு விடயத்தை நேர்மையாக நோக்க வேண்டும். ஒரு ஹெக்டெயருக்கு மேற்பட்ட காட்டை மாற்றும்போது சட்டம் கேட்ட ஆய்வு முன்கூட்டியே முறையாக நடந்திருந்தால், எந்தத் துண்டு பழைய ஊர், எந்தத் துண்டு காடு, எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பது எழுத்தில் இருந்திருக்கும். சுமார் இரண்டு தசாப்த காலம் அகதி வாழ்க்கை வாழ்ந்த ஓர் ஏழைக் குடும்பத்தின் கையில் அந்தக் காகிதம் ஒரு கேடயமாக இருந்திருக்கும். அது இல்லாததால் அவர்கள் ஆண்டுக்கணக்கில் காடழித்தவர்கள் என்ற பழியைச் சுமந்தார்கள். ஆய்வைத் தவிர்த்தது அதிகாரம் உள்ளவர்கள். பழியைச் சுமந்தது குடியேறியவர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் பொஸ்பேற் படிவை ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் கூட்டு முயற்சிக்குக் கொடுக்க அரசாங்கம் முனைந்தபோது, அங்கு வாழ்ந்த விவசாயிகள் உள்ளிட்ட ஏழு பேர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2000 ஜூனில் வந்த தீர்ப்பு, சுற்றாடல் தாக்க மதிப்பீடு உள்ளிட்ட சட்ட நடைமுறையைச் செய்யாமல் அந்த ஒப்பந்தத்தில் இறங்கக்கூடாது என்றது. இயற்கை வளங்களை அரசாங்கம் மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டையும் அது பேசியது. எமது மொழியில் சொன்னால், அது அமானிதம். அங்கே ஆய்வு என்ற சட்ட நிபந்தனைதான் சாதாரண விவசாயிகளின் வீட்டையும் வயலையும் காத்தது.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தச் சட்டம் யாருக்கு எதிரானது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். முன்கூட்டியே கேட்டுப் பெறுபவருக்கு அது காவல். பின்னால் வந்து சேர்ந்தால் அது வழக்கு.

வீடற்றவருக்கு என்ன பதில்?

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருகிறேன். வீட்டை இழந்தவர் காத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கேகாலை, இரத்தினபுரி போன்ற நிலச்சரிவு அபாய மாவட்டங்களில் வீடு கட்டும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை ஏற்கெனவே தேவைப்படுகிறது. 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசரகந்த மலை சரிந்து மூன்று கிராமங்களை மூடியதைக் கண்ட எவரும் அந்தப் பரிசோதனையை வீண் தாமதம் என்று சொல்ல மாட்டார்கள். உயிரினங்களுக்கான ஆய்வையும் அதே பயணத்தில் சேர்த்துச் செய்ய முடியும். இரண்டு ஆய்வுகளும் பெரும்பாலும் ஒரே இடங்களைத்தான் சிவப்பில் குறிக்கும். ஓடைக்கரை, நீரூற்று, செங்குத்தான சரிவில் மிஞ்சி நிற்கும் காட்டுத் துண்டு ஆகியவை வீடு கட்ட ஆபத்தான இடங்கள். அரிய உயிர்கள் ஒதுங்கி நிற்கும் இடங்களும் அவைதான். நூறாண்டுகளுக்கு மேல் தேயிலையோ இறப்பரோ நின்ற வெளியில், ஓடையிலிருந்து விலகி அமையும் சமநிலத்தில் இரண்டு ஆய்விலும் பெரும்பாலும் பச்சைக் கொடி கிடைக்கும்.

ஆய்வின் நடைமுறையும் சிக்கலானதல்ல. முதலில் அந்தப் பகுதியில் முன்பு பதிவான இனங்களைத் தேசிய செந்தரவுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அடுத்து இடத்தில் நடந்து மரஞ்செடிகளைக் கணக்கெடுப்பார்கள். ஓடையில் வலை போட்டு மீனைப் பார்த்துத் திரும்ப விடுவார்கள். தவளைக்கு இரவில் டோர்ச் விளக்கோடு போக வேண்டும். காலமும் முக்கியம். மழையில்லாத மாதத்தில் ஒரே நாள் போய்விட்டுத் தவளை இல்லை என்று எழுதுவது ஆய்வாகாது. பிரித்தானியாவில் கொண்டை வைத்த நியூட் என்ற நீர்வாழ் பிராணிக்கு இளவேனில் மாதங்களில்தான் கணக்கெடுக்க வேண்டும் என்பது கட்டுமான நிறுவனங்கள் அனைத்துக்கும் தெரிந்த விதி. அதற்கேற்ப அவர்கள் வேலைத் திட்டத்தை வகுக்கிறார்கள். எமக்கு மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை வரும் என்பது தெரிந்ததுதானே.

பல்கலைக்கழகங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அவர்களைவிடவும் அருகில் இருப்பவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். ஒவ்வொரு நாளும் அதே மலையில் கொழுந்து பறிப்பவரும், விடியும் முன் எழுந்து இறப்பர் பால் வெட்டுபவரும் எந்த ஓடையில் எந்த மீன் வரும், எந்த மூலையில் எது கத்தும் என்று அறிவார்கள். இதுவரை எந்த அறிக்கையும் அவர்களிடம் முறையாகக் கேட்டு எழுதும் பழக்கத்தை வளர்க்கவில்லை. அந்த ஓடைத் தண்ணீரைக் குடிப்பவர்களும் அவர்கள்தான். மீன் செத்து மிதந்தால் முதலில் பயப்பட வேண்டியதும் அவர்கள்தான்.

நாம் செய்யக்கூடியவை

மாவனல்லை, ஹெம்மாதகம, கன்னத்தோட்ட, வறக்காப்பொல, இரத்தினபுரி, பலாங்கொடை என்று சப்ரகமுவ எங்கும் எமது ஊர்கள் இருக்கின்றன. மாணிக்கக்கல் தொழிலில் எமது பங்கு பெரியது. காணி வாங்கி விற்பவர்களும், கட்டட ஒப்பந்தக்காரர்களும் எம்மில் உண்டு. ஆகவே இது பிறருக்கு மட்டும் சொல்லும் உபதேசமாக இருக்க முடியாது.

மாணிக்கக்கல் அகழ்வுக்குத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் எடுப்பவர், தோண்டிய குழியை மூடுவதற்குப் பிணைப்பணம் வைக்கிறார். தோண்டும் முன் அந்த ஓடையில் என்ன இருந்தது என்ற ஒரு பக்கக் குறிப்பும் சில படங்களும் அதே கோப்பில் சேர்ந்தால், எதைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்பது தெளிவாகும். குழியை மூடுவது எளிது. சேறு படிந்த ஓடையை என்ன நிலைக்குத் திருப்புவது என்று தெரியாமல் எப்படித் திருப்புவது?

பள்ளிவாசல் நிர்வாகங்களும் நலன்புரி அமைப்புகளும் அனர்த்தத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்க முன்வந்தால், காணி உறுதியைச் சரிபார்ப்பதுபோல இந்த ஆய்வையும் ஒரு வேலையாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். எந்த இனத்தவருக்காகக் கட்டினாலும் இது பொருந்தும். நாளை யாராவது வந்து, காட்டை அழித்தீர்கள் என்று சொன்னால் காட்டுவதற்குக் கையில் ஆவணம் இருக்கும்.

உங்கள் ஊர் ஓடையில் யாரோ வேலை தொடங்கப்போவதாகக் கேள்விப்பட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். பிரதேச செயலகத்திடமோ மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமோ அங்கீகாரம் உண்டா, ஆரம்ப பரிசோதனை அறிக்கையின் பிரதி எங்கே, வறண்ட காலத்தில் ஓடைக்கு விட வேண்டிய தண்ணீரின் அளவு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். அறிக்கை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால் தமிழிலும் கேளுங்கள். தோட்ட மக்களோடு சேர்ந்து கேட்டால் அந்தக் கடிதத்துக்கு இன்னும் கனம் கூடும்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. 1993இன் பட்டியலில் உள்ள பருமன் எல்லைகளோடு, அழிவின் விளிம்பில் உள்ள இனங்கள் வாழும் ஓடைகளையும் மலைத்துண்டுகளையும் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். அங்கே வேலை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் முதலில் ஆய்வு என்றாக வேண்டும். அவசர மீள்குடியேற்றத்துக்குள்ள விலக்கையும் முழு விலக்காக வைத்திருக்காமல், சில வாரங்களில் முடியும் விரைவு ஆய்வாக மாற்றலாம். புயல்களும் நிலச்சரிவுகளும் அடிக்கடி வரும் இந்தக் காலத்தில் அவசரம் என்பதே வழமையாகிவிட்டது. அவசரத்தில் கட்டிய ஊரை இன்னொரு முறை இடம்பெயர்க்கும் நிலை வரக்கூடாது.

அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் பல இடங்களில் காணிகள் அளக்கப்படும், இயந்திரங்கள் இறங்கும். அளவையாளரோடு சேர்த்து, மீனையும் மரத்தையும் அறிந்த ஒருவரையும் அந்தக் காணிக்கு அனுப்பச் சொல்லி இப்போதே கேட்பதுதான் நாம் செய்ய வேண்டிய முதல் வேலை.